தாளம் ஓடாத ஓட்டம்

ஓடத் தெரியாத மனிதர் இல்லை. மெல்ல ஓடத் தெரிந்தவர்களைத்தான் தேடிக் காணவேண்டியிருக்கிறது. நடக்கப் பழகிய குழந்தை சில மாதங்களுக்குள் ஓடவும் தொடங்கிவிடுகிறது. அப்படி ஓடும்போது, தன் உடம்பில் உள்ள வேகம் அனைத்தையும் முதற் பத்தடியிலேயே செலவிட்டு, மூச்சு வாங்க நின்று, தாயைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, மறுபடியும் அவ்வாறே பாய்கிறது. குழந்தைக்கு அது அழகு. ஆனால் நாற்பது வயதைக் கடந்து, வைத்தியர் சொன்னதனாலோ, சிநேகிதர் அழைத்ததனாலோ, குறைந்துபோன உற்சாகத்தை மீட்டுக்கொள்ள வேண்டும் என்று மனமே தூண்டியதனாலோ, விடியற்காலையில் ஷூவை மாட்டிக்கொண்டு வீதிக்கு வரும் நம்மில் பெரும்பாலோரும், கற்ற கல்வியும் பெற்ற அனுபவமும் அந்த ஒரு விஷயத்தில் கைகொடுக்காமற் போக, அந்தக் குழந்தையைப் போலவேதான் முதல் நாள் ஓடுகிறோம். குழந்தை சிரித்துவிட்டு மறுபடி ஓடுகிறது. நாமோ, ‘ஓட்டம் நமக்கு ஒத்துவராது’ என்ற தீர்மானத்தோடு வீடு திரும்புகிறோம்.

அந்தத் தீர்மானம் பிழையானது என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். நமக்கு ஒத்துவராதது நாம் எடுத்துக்கொண்ட வேகமே. தமக்குரிய வேகம் இன்னது என்று அறிந்து, அதை முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை காப்பாற்றும் வித்தை ஒன்று உண்டு. அதைக் கற்க வயதும் தடையில்லை, உடல்வாகும் தடையில்லை. பொறுமை ஒன்றுதான் வேண்டும். அந்தப் பொறுமையோ, சொல்வதற்கு எளிதாகவும் கைக்கொள்வதற்கு அரிதாகவும் இருக்கிறது.

ஒரு விடியற்காலைப் பாடம்

எனக்கு நாற்பத்தாறு வயதானபோது சென்னையில் நடந்த 10 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றில் கலந்துகொண்டேன். அதற்கு முன் நான்கு மாத காலம், வாரம் மூன்று நாள், கிலோமீட்டருக்கு 7 நிமிஷம் என்ற கணக்கில் ஓடிப் பழகியிருந்தேன். ஆகையால் 70 நிமிஷத்தில் முடித்துவிடலாம் என்று எதிர்பார்த்ததில் பேராசை ஒன்றும் இல்லை. ஆனால் இருள் பிரியுமுன்னே ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடி, ஒருபுறம் பறையும் மறுபுறம் ஒலிபெருக்கியும் முழங்க, முன்வரிசையில் நின்ற இளைஞர்கள் கூச்சலிட்டுக்கொண்டு புறப்பட்டபோது, நான்கு மாதப் பழக்கம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. கால்கள் அவர்கள் பின்னால் போயின. முதல் கிலோமீட்டர் 5 நிமிஷம் 15 வினாடியில் முடிந்தது. இரண்டாவதும் அப்படியே. மூச்சு வாங்கவில்லை, கால் வலிக்கவில்லை. இன்று நம் உடம்பில் ஏதோ ஒரு விசேஷ சக்தி வந்து இறங்கியிருக்கிறது என்றே நம்பினேன்.

ஐந்தாவது கிலோமீட்டரில் அந்த நம்பிக்கை தளர்ந்தது. ஆறாவதில் வயிற்றின் வலப்பக்கம் பிடித்துக்கொண்டது. ஏழாவது கிலோமீட்டரின் தொடக்கத்தில் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது, சீரான காலடி ஓசையோடு, என்னைவிட இருபது வயது மூத்தவராகத் தோன்றிய ஒருவர் அவ்வழியே வந்தார். என்னைக் கண்டு, ஓட்டத்தை விடாமல் ஒரே இடத்திலேயே கால்களை எடுத்துவைத்துக்கொண்டு, “உட்காராதீங்க தம்பி, கால் பிடிச்சுக்கும். எழுந்து மெதுவா நடங்க; மூச்சு திரும்பினதும் ஓடலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். எழுந்து நடந்தேன். கொஞ்சம் ஓடினேன், மறுபடி நடந்தேன். முடித்தபோது 82½ நிமிஷம் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன்: முதல் 2 கிலோமீட்டரில் நான் மிச்சம் பிடித்தது 3½ நிமிஷம், கடைசி 4 கிலோமீட்டரில் இழந்தது 16 நிமிஷம். எந்த வட்டிக்கடைக்காரனும் இவ்வளவு கொடிய வட்டி வாங்கமாட்டான்.

அந்தப் பெரியவரைப் பிற்பாடு மெரினாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தித்தேன். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கீதத்தில் ஆழ்ந்த ரசனை உடையவர். என் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்கு வித்து. “கச்சேரியிலே பாடகர் ஒரு கீர்த்தனையை எடுக்கும்போதே காலப்பிரமாணம் தீர்மானமாயிடுது. பல்லவியிலே பிடிச்ச வேகம் சரணம் முடியறவரைக்கும் நிக்கணும். நடுவிலே தன்னை அறியாமே வேகம் கூடிட்டா, தாளம் ஓடுதுன்னு சொல்லுவாங்க. அது பெரிய தோஷம். நீங்க அன்னிக்கு ஓடலே தம்பி, உங்க தாளம்தான் ஓடிச்சு” என்றார். “அப்படின்னா சரியான காலப்பிரமாணம் எதுன்னு எப்படி சார் தெரிஞ்சுக்கறது?” என்று கேட்டேன். “எந்த வேகத்திலே மங்களம் பாடற வரைக்கும் நிக்க முடியுமோ, அதுதான்” என்றார்.

கடன் வாங்கும் உடம்பு

முதல் 2 கிலோமீட்டரில் எனக்குச் சிரமமே தெரியாமற் போனது ஏன் என்ற கேள்விக்குச் சரீர சாஸ்திரம் விடை சொல்கிறது. ஓடத் தொடங்கிய கணத்திலேயே தசைகளுக்குச் சக்தி வேண்டியிருக்கிறது. ஆனால் இருதயமும் நுரையீரலும் தம் வேலையைக் கூட்டி, வேண்டிய அளவு பிராணவாயுவைத் தசைகளுக்குக் கொண்டுசேர்க்கச் சில நிமிஷங்கள் பிடிக்கின்றன. அந்த இடைவெளியில், பிராணவாயுவின் உதவியில்லாமலே சக்தியை உண்டாக்கும் வேறொரு வழியைத் தசைகள் கையாளுகின்றன. இங்கிலாந்தைச் சேர்ந்த ஏ. வி. ஹில் என்ற விஞ்ஞானி, தசைகளில் வெப்பம் உண்டாகும் விதத்தை ஆராய்ந்ததற்காக 1922 ஆம் ஆண்டின் நோபல் பரிசை ஜெர்மனியின் ஆட்டோ மேயர்ஹோஃபுடன் பகிர்ந்துகொண்டவர். ஓட்டத்தில் விருப்பமுள்ள அவர் தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டு ஓடி, இந்த நிலைக்குப் ‘பிராணவாயுக் கடன்’ என்று பெயரிட்டார். பெயர் பொருத்தமானது. வாங்கும்போது கடன் இனிக்கிறது. அதனால்தான் ஓட்டத்தின் ஆரம்பத்தில் எந்த வேகமும் எளிதாகத் தோன்றுகிறது.

வேகம் ஓர் எல்லையைத் தாண்டும்போது, லாக்டிக் அமிலம் என்று பொதுவாக வழங்கப்படும் பொருள், தசைகளில் உண்டாகும் அளவுக்குச் செலவழியாமல் இரத்தத்தில் சேரத் தொடங்குகிறது. அந்தப் பொருளே களைப்புக்கு முழுக் காரணம் என்று முற்காலத்தில் எண்ணினார்கள். அதுவும் தசைக்கு ஓர் எரிபொருளாகப் பயன்படுகிறது என்று பிற்கால ஆராய்ச்சி காட்டியது. எனினும், அது மேலும் மேலும் சேர்கிறது என்றால் அந்த வேகம் நெடுநேரம் தாங்காது என்பதில் மாற்றம் இல்லை. எல்லைக்கு இப்புறம் ஓடுகிறவர் ஒரு மணி நேரமும் ஓடலாம், இரண்டு மணி நேரமும் ஓடலாம். சற்றே அப்புறம் போனவருக்கு நிமிஷங்கள் எண்ணப்பட்டுவிடுகின்றன.

மாரத்தான் போன்ற நெடுந்தூர ஓட்டத்தில் மற்றொரு கணக்கும் சேர்ந்துகொள்கிறது. நாம் உண்ணும் சோறும் இட்டிலியும் கிளைகோஜன் என்ற உருவில் தசைகளிலும் கல்லீரலிலும் சேமித்துவைக்கப்படுகின்றன. அந்தச் சேமிப்பு சாதாரணமாக 400 முதல் 500 கிராம்வரை, அதாவது ஏறக்குறைய 2,000 கலோரிக்கு உட்பட்டது. ஓடுகிறவர், தம் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும், சுமார் ஒரு கலோரி செலவிடுகிறார். ஆகவே 60 கிலோ எடையுள்ளவர் 42 கிலோமீட்டர் ஓட 2,500 கலோரி வேண்டும். மிச்சத்தைக் கொழுப்பிலிருந்துதான் பெறவேண்டும். கொழுப்போ மெலிந்த தேகத்திலும் ஏராளமாக இருக்கிறது; ஆனால் அது மெதுவாக எரியும் விறகு. நிதானமாக ஓடும்போது கொழுப்பு தன் பங்கை நன்றாகச் செலுத்துகிறது. வேகம் கூடக்கூட உடம்பு கிளைகோஜனையே அதிகமாக இறைத்துக்கொள்கிறது. முற்பகுதியில் ஊதாரியாக இருந்தவர்கள், 30 கிலோமீட்டரைத் தாண்டியதும், எதிரே சுவர் எழுந்து தடுத்தாற்போல நின்றுவிடுவதன் காரணம் இதுதான்.

ஒலிம்பிக் மைதானங்களில் கண்டவை

சாமானியர்களுக்கு மட்டும் இந்தப் பிழை நேர்கிறது என்று நினைக்கவேண்டாம். மாரத்தானின் தூரம் 42.195 கிலோமீட்டர் என்று இன்று உலகெங்கும் வழங்குகிறதே, அந்தத் தூரம் முதன்முதலில் ஓடப்பட்ட 1908 ஆம் வருஷத்து லண்டன் ஒலிம்பிக்கிலேயே இந்தப் பாடம் கண்ணீரோடு எழுதப்பட்டது. ஜூலை 24 ஆம் தேதி, வெயில் காய்ந்த பிற்பகலில், விண்ட்ஸர் அரண்மனையிலிருந்து 55 பேர் புறப்பட்டார்கள். ஓட்டத்தை முடித்தவர்கள் 27 பேர்தான். உள்ளூர்க்காரர்கள் சிலர் தம் ஜனங்களின் ஆரவாரத்தில் மயங்கி ஆரம்பத்திலேயே அளவு மீறி விரைந்து, பாதி வழியில் தளர்ந்துபோனார்கள். இத்தாலியில் மிட்டாய்க் கடை ஒன்றில் வேலை பார்த்த டொராண்டோ பியெத்ரி, முன்னே சென்ற தென்னாப்பிரிக்கரைப் பிடித்துவிடவேண்டும் என்ற வேகத்தில் தம் சக்தியெல்லாம் இறைத்து, முதல்வராகவே மைதானத்துக்குள் நுழைந்தார். நுழைந்தவருக்குத் திசை தெரியவில்லை, எதிர்ப்புறமாகத் திரும்பினார், விழுந்தார், எழுந்தார், மறுபடி மறுபடி விழுந்தார். எஞ்சியிருந்த சில நூறு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய பத்து நிமிஷம் பிடித்தது. பார்க்கச் சகியாத அதிகாரிகள் அவரைத் தாங்கி எல்லைக்கோட்டைத் தாண்டச் செய்தார்கள். பிறர் உதவி பெற்றார் என்ற காரணத்தால் அவர் பெயர் நீக்கப்பட்டது. தொடக்கத்தில் அவசரப்படாமல் பின்னே வந்த அமெரிக்கரான ஜானி ஹேய்ஸ் 2 மணி 55 நிமிஷம் 18 வினாடியில் வந்து சேர்ந்து வெற்றி பெற்றார். மறுநாள் அலெக்ஸாண்ட்ரா ராணி பியெத்ரிக்கு ஒரு கோப்பையை அளித்துக் கௌரவித்தார். இரக்கத்திற்குரிய பரிசு அவருக்கும், ஓட்டத்திற்குரிய பரிசு நிதானித்தவருக்கும் போயின.

இதற்கு நேர்மாறான உதாரணம் பின்லாந்தின் பாவோ நுர்மி. ஒன்பது ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களைப் பெற்ற இந்த மகா வீரர், கையில் ஒரு கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுவார். அருகில் ஓடுகிறவரைப் பார்ப்பதைவிடக் கடிகாரத்தைப் பார்ப்பதையே அவர் முக்கியமாகக் கொண்டார். ஒவ்வொரு சுற்றையும் ஏறக்குறைய சமமான நேரத்தில் முடிப்பதே அவருடைய யுக்தி. 1924 ஆம் வருஷம் பாரிஸில், 1,500 மீட்டர், 5,000 மீட்டர் ஆகிய இரண்டு இறுதிப் போட்டிகளையும் ஒரே பிற்பகலில், சொற்ப இடைவேளையில் ஓடி, இரண்டிலும் அவர் வென்றது, உடல் வலிமையின் வெற்றி மட்டும் அன்று. தன் சக்தியை வினாடி வினாடியாக அளந்து செலவிட்ட சிக்கனத்தின் வெற்றியும் ஆகும்.

1952 ஆம் ஆண்டு ஹெல்ஸிங்கியில் நடந்த நிகழ்ச்சி இன்னும் ஆழமான கருத்தை உடையது. செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஸாடோபெக், 5,000 மீட்டரிலும் 10,000 மீட்டரிலும் தங்கம் பெற்ற பின், வாழ்நாளில் ஒரு முறையும் ஓடியிராத மாரத்தானிலும் இறங்கினார். அப்போது உலகத்திலேயே விரைந்த மாரத்தான் ஓட்டக்காரராக விளங்கியவர் இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸ். அவர் ஆரம்பத்திலேயே வெகு வேகமாக முன்னே சென்றிருந்தார். ஸாடோபெக் அவரை அணுகி, இந்த வேகம் சரிதானா என்று விசாரித்ததாகவும், களைத்திருந்த பீட்டர்ஸ் அதை வெளிக்காட்டாமல், மெதுவாகத்தான் போகிறோம் என்று பதில் சொன்னதாகவும், ஓட்டக்காரர்கள் இன்றும் கதையாகச் சொல்கிறார்கள். ஸாடோபெக் தமக்கு இசைந்த வேகத்தில் முன்னேறி 2 மணி 23 நிமிஷத்தில் வென்றார். பீட்டர்ஸ் தசைப்பிடிப்பால் நடுவழியில் நின்றுவிட்டார். இரண்டு வருஷத்துக்குப் பின் வான்கூவரில், கடும் வெயிலில், இரண்டாமவரைவிட 17 நிமிஷம் முன்னதாகவே மைதானத்துக்குள் நுழைந்த அதே பீட்டர்ஸ், தள்ளாடிப் பல முறை விழுந்து, எல்லைக்கோட்டை அடையாமலே தூக்கிச் செல்லப்பட்டார். தைரியத்தில் அவருக்கு நிகர் யாரும் இல்லை. தைரியம் மட்டும் போதாது என்பதற்கு அவரே சாட்சியானார்.

நம் காலத்திலும் இதே நியாயம்தான் நிற்கிறது. 2023 அக்டோபரில் சிகாகோவில் கென்யாவின் கெல்வின் கிப்டம் 2 மணி 35 வினாடியில் மாரத்தானை ஓடி உலக சாதனை படைத்தபோது, முற்பாதிக்கு எடுத்துக்கொண்டது 60 நிமிஷம் 48 வினாடி. பிற்பாதிக்கு 59 நிமிஷம் 47 வினாடி. அதுவரை எந்தப் பந்தயத்திலும் யாரும் ஓடாத வேகத்தில் ஓடியவரும், தொடக்கத்தில் கொஞ்சம் கையிருப்பு வைத்துக்கொண்டே புறப்பட்டார்.

மூச்சே கடிகாரம்

தமக்குரிய வேகத்தை அறிவது எப்படி? இன்று மணிக்கட்டில் கட்டும் கடிகாரமே வானத்துச் செயற்கைக்கோள்களைக் கேட்டு, கிலோமீட்டருக்கு எத்தனை நிமிஷம் என்று சொல்லிவிடுகிறது, நாடித்துடிப்பையும் காட்டுகிறது. அது நல்ல துணைதான். ஆனால் உயர்ந்த கட்டடங்களுக்கும் மரங்களுக்கும் நடுவே அது தடுமாறும். மனத்தில் ஒரு கவலை இருக்கிறது என்பதைக் கணக்கில் சேர்த்து நமக்கு வேகம் வகுத்துத் தராது. அதையும் அறிந்த கருவி ஒன்று இயற்கையாகவே நம்மிடம் இருக்கிறது. அது நம் மூச்சு.

ஓடிக்கொண்டே பக்கத்தில் வருகிறவரோடு பேசிப் பாருங்கள். முழு வாக்கியங்களாக, இடையில் மூச்சு முட்டாமல் பேச முடிந்தால் அது எளிய வேகம். நாலைந்து சொற்களுக்கு ஒருமுறை நிறுத்தவேண்டியிருந்தால் நடுத்தர வேகம். ‘ஆமாம்’, ‘இல்லை’ என்பதற்கு மேல் சொல்ல முடியாவிட்டால் அது கடும் வேகம், நெடுந்தூரத்துக்கு உதவாது. ஸ்வீடன் தேசத்து உளவியல் அறிஞர் குன்னார் போர்க், ‘எவ்வளவு சிரமமாக இருக்கிறது?’ என்ற கேள்விக்கு 6 முதல் 20 வரை எண்ணால் விடை சொல்லும்படியான ஓர் அளவுகோலை வகுத்தார். அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால், ஆரோக்கியமான இளவயதினரின் நாடித்துடிப்புக்கு ஏறக்குறைய ஈடாகும்படி அது அமைந்திருக்கிறது. 11 என்றால் இலேசு, 13 என்றால் சற்றே கடினம், 15 கடினம், 17 மிகக் கடினம். மனிதன் தன் சிரமத்தைத் தானே நேர்மையாக உணர்ந்து சொன்னால், அந்தச் சொல்லையே அளவையாகக் கொள்ளலாம் என்பதை வைத்திய உலகம் ஏற்றுக்கொண்டு இன்றும் பயன்படுத்துகிறது.

மெரினாவில் நான் சந்தித்த அந்த ஆசிரியர் கையாண்ட முறை வேறு. ஒவ்வோர் அடியையும் ஆதி தாளத்தின் ஓர் அட்சரமாக அவர் எண்ணுவார். நான்கு அடிக்கு மூச்சை உள்ளே வாங்கி, நான்கு அடிக்கு வெளியே விட்டு, எட்டு அட்சரமும் ஒரே சுவாசத்தில் அடங்கினால் மிகவும் மெதுவான ஓட்டம். மூன்றுக்கு மூன்று என்றால் சௌகரியமான ஓட்டம். இரண்டுக்கு இரண்டு ஆகிவிட்டால், எங்களைப் போன்றவர்கள் வேகத்தைக் குறைக்கவேண்டிய வேளை. ஏற்றம் இறைத்தவர்கள் பாட்டோடு இறைத்ததும், நாற்று நட்ட பெண்கள் பாட்டோடு நட்டதும் பொழுதுபோக்குக்காக மட்டும் அல்ல; நாள் முழுதும் நீடிக்கவேண்டிய உழைப்புக்கு ஓர் அளவான வேகத்தை அந்தப் பாட்டு வகுத்துக் கொடுத்தது. நெடிய உழைப்பில் வேகத்தை அளந்துகொள்ளும் கலை நம் கிராமங்களுக்குப் புதிதன்று.

மூன்று காலம்

மெல்ல ஓடினால் என்றைக்கும் மெல்லத்தானே ஓடுவோம், வேகம் எப்படி வரும் என்ற சந்தேகம் எழலாம். நியூஸிலாந்தில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆர்தர் லிடியார்ட் என்பவர் இதற்குத் தம் வாழ்க்கையாலேயே பதில் சொன்னார். பல வருஷம் தம் உடம்பின் மீதே பரிசோதனை செய்து, அளவான வேகத்தில் நீண்ட தூரம் ஓடுவதே எல்லா வேகத்துக்கும் அடித்தளம் என்று அவர் கண்டார். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்நெல் 800 மீட்டரிலும், மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும், 1960 ஆம் ஆண்டு ரோமில் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். அதைவிடப் பெரிய காரியம் ஒன்றையும் அவர் செய்தார்: நடுவயதைக் கடந்தவர்களையும் இருதய நோய் கண்டவர்களையும் சேர்த்து, பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் ஆக்லாந்து நகரில் ஓடச் செய்தார். அதைக் கண்டு சென்ற பில் போவர்மன் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் தம் நாட்டில் அதைப் பரப்பினார். இன்று உலகெங்கும் விடியற்காலைகளில் சாதாரண மனிதர்கள் ஓடுவதன் மூலங்களில் ஒன்று அந்த ஆக்லாந்து வீதிகள்.

பல்லவியை மூன்று காலத்திலும் பாடும் வித்வான் விளம்ப காலமாகிய மெதுவான காலத்தில்தான் தொடங்குகிறார். ஓட்டப் பயிற்சியையும் அப்படியே வகுத்துக்கொள்ளலாம். வாரத்தில் ஓடும் நேரத்தில் ஐந்தில் நான்கு பங்கு, பேசிக்கொண்டே ஓடும் விளம்ப காலத்தில் இருக்கட்டும். சிறந்த நெடுந்தூர வீரர்கள் பலரின் பயிற்சியும் ஏறக்குறைய இந்த விகிதத்திலேயே அமைந்திருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். எஞ்சிய ஒரு பங்கில், வாரம் ஒரு நாள், இருபது நிமிஷம் நடுத்தர வேகத்திலோ, இரண்டு மூன்று நிமிஷத் துண்டுகளாகத் துரித காலத்திலோ ஓடலாம். பெரும்பாலோர் செய்யும் பிழை, மெதுவான நாளில் சற்று வேகமாகவும், வேகமான நாளில் களைப்பினால் சற்று மெதுவாகவும் ஓடி, எல்லா நாளையும் ஒரே மங்கலான நடுவேகத்தில் கழித்துவிடுவது.

மற்றொன்றையும் சொல்லவேண்டும். சில வாரப் பயிற்சியிலேயே இருதயமும் மூச்சும் தேறிவிடுகின்றன. ஆனால் தசைநார்களும் எலும்புகளும் புதிய சுமைக்குப் பழகப் பல மாதம் ஆகின்றன. மூச்சு அனுமதி கொடுத்துவிட்டது என்று விரைகிறவர்களைக் குதிகாலும் முழங்காலும் தடுத்து நிறுத்துவது இதனால்தான். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு, 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் காலவே என்ற அமெரிக்கர் பரப்பிய முறை மிகவும் உகந்தது: இரண்டு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை என்று முதலிலிருந்தே மாற்றி மாற்றிச் செல்வது. களைத்த பிறகு நடப்பது தோல்வியாகத் தோன்றுகிறது. களைப்பதற்கு முன் நடப்பது திட்டம். நெஞ்சில் வலியோ, தலைச்சுற்றலோ கண்டால் மட்டும் எந்தத் திட்டத்தையும் நினையாமல் நின்றுவிடவேண்டும்; வைத்தியரையும் பார்க்கவேண்டும்.

புழுக்கமும் மேடும்

நம் கடற்கரை நகரங்களில் ஓடுகிறவர்களுக்குப் புழுக்கம் ஒரு தனிப் பாடம். வியர்வை தோலின்மேல் உலரும்போதுதான் உடம்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அது உலராமல் வழிந்து சொட்டுகிறது. வெப்பத்தை வெளியேற்றுவதற்காக இருதயம் தோலுக்கும் இரத்தத்தை அனுப்பவேண்டியிருப்பதால், தசைகளுக்கு அனுப்பும் வேலையோடு அதுவும் சேர்ந்து, அதே வேகத்தில் ஓடினாலும் நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போகிறது. ஜனவரி மாதத்து விடியலில் 7 நிமிஷத்தில் ஓடிய கிலோமீட்டரை மே மாதத்தில் 7½ நிமிஷத்தில் ஓடினால், உடம்பின் உழைப்பு ஒன்றே. அதைத் தளர்ச்சி என்று எண்ணி வருந்துவதும், கடிகாரத்துக்காக உடம்பை வருத்துவதும் அறியாமை. மலைப்பாதையிலும் அப்படித்தான்: ஏற்றத்தில் வேகத்தைக் குறைத்து, இறக்கத்தில் இயல்பாக விட்டு, மூச்சின் அளவைச் சமமாக வைத்துக்கொள்வதே அங்கே காலப்பிரமாணம்.

பந்தய நாளில்

இவ்வளவும் கற்ற பிறகும், பந்தய நாளின் முதல் கிலோமீட்டர் ஒரு பரீட்சைதான். முந்திய நாட்களில் ஓய்வெடுத்த கால்கள் துள்ளுகின்றன. கூட்டத்தின் உற்சாகம் இரத்தத்தில் ஏறுகிறது. சரியான வேகம் அன்று அநியாயமாக மெதுவாகத் தோன்றுகிறது. மெதுவாகத் தோன்றினால்தான் அது சரியானது என்று மனத்தில் இருத்திக்கொள்ளவேண்டும். வேகக்காரர்கள் நிற்கும் முன்வரிசையை விட்டு விலகி நிற்பது முதல் உபாயம். 10 கிலோமீட்டரில் முதல் 2 கிலோமீட்டரை, நினைத்த வேகத்தைவிடக் கிலோமீட்டருக்குப் பத்துப் பதினைந்து வினாடி மெதுவாக ஓடி, நடுப்பகுதியை நினைத்த வேகத்தில் ஓடி, கடைசி 2 கிலோமீட்டரில் மிச்சம் இருப்பதைச் செலவிடலாம். மாரத்தானில் கிலோமீட்டருக்கு 10 வினாடி என்பது முடிவில் 7 நிமிஷம் ஆகிவிடுகிறது. ஆகவே எவ்வளவு வேகம் என்பதை வீட்டிலேயே, பயிற்சியின் சாட்சியத்தை வைத்துத் தீர்மானித்துக்கொண்டு போகவேண்டும். ஆசையைக் கேட்டுத் தீர்மானிக்கக் கூடாது. பெரிய ஓட்டங்களில், முடிக்கும் நேரத்தை எழுதிய கொடியைத் தாங்கிக்கொண்டு, சீரான வேகத்தில் ஓடும் பேசர்கள் இருப்பார்கள்; அனுபவம் இல்லாதவர்கள் தமக்குப் பொருத்தமான ஒருவரின் பின்னே செல்வது நல்லது.

அடுத்த வருஷம் அதே 10 கிலோமீட்டரை 68 நிமிஷத்தில் ஓடினேன். முன்பு உட்கார்ந்த நடைபாதை ஓரத்தைக் கடந்தபோது அதைக் கவனிக்கவும் இல்லை. முடித்த பிறகே நினைவுக்கு வந்தது. அதில் எனக்குச் சந்தோஷம் உண்டு. ஆனால் இந்த வித்தையின் முழுப் பொருளும் எனக்கு விளங்கியது சென்ற மாதம்தான்.

ஆசிரியருக்கு இப்போது எழுபத்தைந்து வயது. என்னை முந்திச் சென்ற காலத்தில் கிலோமீட்டருக்கு 7 நிமிஷத்தில் ஓடியவர், ஒவ்வொரு வருஷமும் தம் உடம்பைக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைத் தாமே குறைத்துக்கொண்டு, இன்று 9 நிமிஷத்துக்கு வந்திருக்கிறார். முந்தின வேகத்தை நினைத்து அவர் ஏங்கியதை நான் கண்டதில்லை. சென்ற மாதம் ஒரு நாள், மெரினாவில் கலங்கரை விளக்கத்தின் அருகே 10 கிலோமீட்டரை முடித்துவிட்டு, வழக்கம்போல என் கைக்கடிகாரத்தைக் காட்டச் சொன்னார். முதல் கிலோமீட்டர் 9 நிமிஷம் 2 வினாடி. கடைசிக் கிலோமீட்டர் 8 நிமிஷம் 58 வினாடி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அந்த இரண்டு எண்களையும் இரண்டு முறை பார்த்தார்.

“தாளம் ஓடலே, பார்த்தீங்களா தம்பி?” என்றார்.